தையில் பூத்த சரக்கொன்றை

பிப்ரவரி 8, சனி

வடிவுக்கு 'சி'.

இதை எழுதிவிட்டு அப்பா கடைக்குப் போய் மூன்று ஸ்பைரல் பைண்டிங் போட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இன்னும் 'சி'தான்.

இந்த நோட்டுக்கு விவரம் தெரியாது, சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகள் எட்டுப் பேர் சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டையில் ஒரு காலேஜுக்குப் போய்த் தாவரவியலில் ஒரு தாள் படிக்கிறோம். 'பி' அல்லது அதற்கு மேல் வாங்கினால் அந்த கிரெடிட் பி.எஸ்சி.யில் சேர்ந்துகொள்ளும். கூடவே அங்கேயே சீட்டும் உறுதி. 'சி' என்றால் வந்தோம், வெயிலில் கறுத்தோம், போனோம்.

சண்முகவடிவுக்கு அந்த சீட்டு வேண்டும். அவள் அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: சீட்டு கிடைத்தால் பாளையங்கோட்டையில் படி, இல்லையென்றால் திருப்பூரில் சித்தப்பா வீட்டில் இருந்து நர்சிங் படி. வடிவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இலையைப் பார்த்தால்தான் தலை நேராக நிற்கும்.

எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். ஆனால் செடி ஆல்பத்துக்கு நாற்பதுக்கு பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில் "ஒரு தாள் ஜோடிக்கப்பட்டது" என்று குறிப்பு.

எனக்கு 'ஏ'. என் ஆல்பத்தின் இருபத்தைந்து செடிகளும் வடிவு கைகாட்டிய இடத்தில் நான் போய்ப் பிடுங்கியவை.

"பேச்சிக்கு ஏ, வடிவுக்கு சி. லிஸ்ட்ட தலகீழா ஒட்டிட்டாங்களாட்டி?" என்றாள் ரெஜினா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வடிவுக்கு ஒன்பது நாளாக அம்மை. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. வெளியாட்கள் உள்ளே போகக்கூடாது. கண்ணுக்கு ஆகாது என்று போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் உலகத்தில் அவள் வீட்டுக்கு மட்டும் அவள் மார்க் தெரியாது.

அவள் அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று பேசினார்.

"ரெண்டு தண்ணி ஊத்தியாச்சு பேச்சி. சனிக்கெழம மூணாந்தண்ணி. அதுக்கப்புறம் வா. மார்க்கு வந்துட்டா?"

"இன்னும் வரல அத்தை."

"வந்ததும் மொதல்ல எங்கிட்டச் சொல்லு. அவ தூக்கத்துலகூட இல பேரத்தான் பெனாத்துதா."

இந்த வருடத்தில் நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகவும் சின்னது. மற்றதெல்லாம் ஆளைச் சிரிக்க வைத்தது. இது நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

காலேஜுக்கு மனு எழுதுவதென்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். யார் எழுதுவது என்று யாரும் கேட்கவில்லை. பேச்சியம்மாள் என்று பெயர் வைத்ததற்குப் பலன் இதுதான். ஊரில் எங்கே வாய் தேவைப்பட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஆய்வகத்தில் கடுகு ஜாடிக்கும் கேழ்வரகு ஜாடிக்கும் மூடி மாற்றியது, ஹெச்.எம். பிறந்தநாளுக்குக் காகிதப் பூவைத் தொட்டியில் நட்டு மூன்று வாரம் வாட்ச்மேனைத் தண்ணீர் ஊற்ற வைத்தது எல்லாம் நான்தான். அதனால் அதிகாரத்தோடு பேச எனக்குத் தகுதி இருக்கிறதாம்.

நன்றாக எழுதினேன். "சண்முகவடிவு காய்ந்த இலையின் ஓட்டையைக்கூட ஒட்டி மறைக்காதவர். பூச்சி அரித்தது என்று லேபிளில் எழுதுபவர். அப்படிப்பட்டவர் ஒரு செடியை ஜோடித்தார் என்பது அநியாயம்" என்று எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழு கையெழுத்து. நான் கடைசியாகப் போட்டேன். வழக்கமாக என் கையெழுத்துக்கு அடியில் ஒரு வால் இழுப்பேன். இன்று இழுக்கவில்லை.

பிப்ரவரி 11

ஏ4 பேப்பர் கட்டுகளை இடம் மாற்றி அடுக்கச் சொன்னார் அப்பா. சுவரோரத்து அடுக்கில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அதன் அடியில் என் செடிப் பேப்பர் இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மைதான்.

பிப்ரவரி 13, வியாழன்

மனுவைப் பார்த்துவிட்டு ஜெபமலர் மேடம் கூப்பிட்டிருந்தார்கள். எங்களுக்கு ஆல்பம் திருத்தியவர்கள் அவர்கள்தான். மற்றவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ், நான் மட்டும் போனேன்.

மேசையில் வடிவின் ஆல்பம் இருந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே தாள்களை அடுக்கி நாடாவால் கட்டும் வகை. நாடாவைக் கத்தரிக்கோலால் அறுத்திருந்தார்கள்.

"இந்த முடிச்ச அவுக்க முடியாம வெட்ட வேண்டியதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே பதினேழாம் தாளை எடுத்து என் முன் வைத்து லென்ஸைக் கொடுத்தார்கள்.

"என்ன செடி?"

"சரக்கொன்றை மேடம்."

"இல கொன்றைதான். பூ?"

நான் லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டால் முகம் தெரியாது.

"ஆவாரம்பூவ ஒவ்வொண்ணா ஒட்டிச் சரமாக்கியிருக்கு. தேதி ஜனவரி பதினொண்ணு. மார்கழி முடியலை, தை பிறக்கலை, இவளுக்கு மட்டும் கொன்றை பூத்துருக்கு. சித்திரையில பூக்குற மரம்மா அது."

"ஒண்ணு ரெண்டு மரம் முன்னாடியே பூக்கும்னு சொல்லுவாங்க மேடம்."

"பூக்கும். ஆவாரம்பூ பூக்காது."

நல்ல பதில். வேறொரு நாளாக இருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

"மத்த இருபத்திநாலு தாளும் பத்தொன்பது வருஷத்துல நான் பாத்ததுலயே நல்ல தாளு. அதான் எனக்கு ஆத்திரம். தெரியாதவ செஞ்சா தப்பு. இவ்வளவு தெரிஞ்சவ செஞ்சா அது மோசடி. ஒரு தாள் பொய்யின்னா ஆல்பத்துக்கு மார்க் இல்லன்னு மொத நாளே சொல்லியிருக்கேன். உன் ஆல்பத்துல இது இருந்திருந்தா, சேட்டைன்னு சிரிச்சிட்டு ரெண்டு மார்க்கக் கொறச்சிருப்பேன். அவ சேட்டை பண்ற பிள்ளையா?"

"இல்ல மேடம்."

"சீட்டு லிஸ்ட் இருபத்திரண்டாந்தேதி போகுது. அதுக்குள்ள அவ வந்து ஏன் செஞ்சேன்னு சொன்னா கேக்கலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. ஏனென்று தெரியவில்லை.

அதே நாள், சாயங்காலம்

சரி. எழுதிவிடுகிறேன்.

அந்தத் தாள் நான் செய்தது.

ஒரே மரத்திலிருந்து ஒரே நாளில் வடிவும் நானும் கொன்றை இலை பறித்தோம். பூ இல்லாத காலம் என்பதால் அவள் லேபிளில் "பூ: இல்லை. சித்திரையில் பூக்கும்" என்று போடச் சொன்னாள். எல்லோருடைய லேபிளையும் கடையில் டைப் அடித்தது நான். எனக்கு ஒரு யோசனை வந்தது. என்னிடம் மிச்சமிருந்த இன்னொரு இலையில் ஆவாரம்பூவைச் சரமாக ஒட்டி, "பூ: மஞ்சள், சரம் சரமாக" என்று வேறு லேபிள் அடித்தேன். ஜனவரி 30 சாயங்காலம் அவள் டீ போட உள்ளே போன நேரத்தில் தாளை மாற்றினேன்.

கொடுப்பதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு தாளாக எடுத்து சரிபார்ப்பாள், அது அவள் வழக்கம். பதினேழாம் தாளைத் திறந்ததும் தையில் கொன்றை பூத்திருக்கும். செருப்பை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வருவாள். நான் அவளுடைய ஒரிஜினல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். உலகத்திலேயே வடிவுக்கு மட்டும் புரிகிற ஜோக். அதற்காக இரண்டு மணி நேரம் பூ ஒட்டினேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தலைவலி என்று ஆல்பத்தை அப்படியே கட்டி வைத்துவிட்டாள். மறுநாள் காலை முகமெல்லாம் முத்து. அந்தச் சனிக்கிழமையே அத்தை கேட்டருகே வந்து ஆல்பத்தை என்னிடம் கொடுத்தார். "நீயே குடுத்துரு பிள்ள, ஒன்ன நம்பித்தான் இருக்கா" என்றார். நான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிக் காலேஜில் கொடுத்துவிட்டு வந்தேன்.

தாள் உள்ளே இருப்பது மறந்துபோய்விட்டது. மறதிதான். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 14

மேடம் ஆவாரம்பூ என்று சொன்னதை மட்டும் ரெஜினாவிடம் சொன்னேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் நாற்பத்தாறு. பின்பக்கம் மறந்து எடுத்தது பதினொன்று. அப்பா, "கை இங்கன இருக்கு, ஆளு எங்கனட்டி இருக்க?" என்றார்.

பிப்ரவரி 15, சனி

மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வடிவு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகிவிட்டாள். முகத்தில் காய்ந்த பொருக்குகள். காலையில் போனைக் கொடுத்ததும் மார்க்கைப் பார்த்துவிட்டாளாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். செருப்பைக் கழற்றும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"பேச்சி, நான் பூ இல்லன்னுதான எழுதச் சொன்னேன்?"

"ஆமா."

"ரெஜினா போன்ல சொன்னா, ஆவாரம்பூ ஒட்டியிருக்காம். எனக்கு ஒண்ணுமே ஓடலட்டி. அன்னைக்கே உள்காய்ச்சல் இருந்திருக்குமோ? காய்ச்சல்ல நானே எதையாச்சும் எடுத்து ஒட்டிட்டனோ?"

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அவளையே சந்தேகப்படுகிறாள்.

"அப்பா சித்தப்பாட்டப் பேசிட்டாவ. மே மாசம் கூட்டிட்டுப் போறாவளாம்."

நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "நர்ஸானா மொத ஊசிய எனக்குத்தான் போடணும். நீ மயங்கி விழுந்தா நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவள் சிரித்தாள். சிரித்ததில் உதட்டோரத்துப் பொருக்கு பிய்ந்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அத்தை உள்ளேயிருந்து, "அவள சிரிக்க வைக்காத பேச்சி" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16

சுவரோரத்துக் கட்டுகளைத் தூக்கினேன். பதினேழாம் தாள் அப்படியே இருக்கிறது. தினமும் ஆள் மிதிக்கிற கடையில், எட்டு ஏ4 கட்டுக்கு அடியில், இஸ்திரி போட்ட மாதிரி. பூ: இல்லை. சித்திரையில் பூக்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

ஜெபமலர் மேடம் முதலில் நம்பவில்லை.

"சிநேகிதிக்காகப் பழிய ஏத்துக்க வந்திருக்கியா? ஒனக்குச் சேட்டை பண்ணத் தெரியும்ங்கறது ஊருக்கே தெரியும். அத வச்சு அவளக் காப்பாத்தலாம்னு பாக்குறியா?"

பேப்பரைப் பிரித்துத் தாளை எடுத்து வைத்தேன். மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்தார்கள். லேபிளைப் படித்தார்கள். இலையைத் தடவினார்கள். ஓரத்தில் வடிவு பென்சிலால் எழுதியிருந்தது: "மூன்றாவது சிற்றிலை பூச்சி அரித்தது." லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, அரிச்சிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு என்னிடம் கேட்டார்கள்.

"இது எங்க இருந்துச்சு?"

"எங்க அப்பா கடையில மேடம். ஜெராக்ஸ் கடை."

"பஸ் ஸ்டாப் எதிர்ல இருக்கே, அதா?"

"ஆமா மேடம்."

"ஆல்பத்த எங்கிட்டக் குடுக்கும்போது உள்ள என்ன இருக்குன்னு தெரியும்தானே?"

"மறந்துட்டேன் மேடம்."

மேடம் லென்ஸைக் கீழே வைக்கவில்லை.

"அவளுக்கு மார்க் போட்டு அனுப்புறேன். ஒனக்கு இந்த கிரெடிட்டும் சீட்டும் கிடையாது. அடுத்தவ ஆல்பத்துல கைவச்சதுக்கு ரத்து. வீட்டுல சொல்லிரு."

"சரி மேடம்."

"மனு நல்லா எழுதியிருந்த" என்றார்கள். நான் கதவைத் தாண்டிய பிறகு.

பிப்ரவரி 18

வடிவிடம் சொல்லிவிட்டேன். வாசல் வேப்பிலையை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பஸ்ஸுல போகும்போது ஒனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இல்லட்டி. சத்தியமா மறந்துட்டேன்."

"சரி."

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருக்கலாம்.

பிப்ரவரி 19

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். கடையில் லேபிள் டைப் அடிக்கிற கம்ப்யூட்டருக்கு அப்பா பாஸ்வேர்ட் மாற்றிவிட்டார்.

பிப்ரவரி 22, சனி

வடிவு 'ஏ பிளஸ்'. சீட்டு லிஸ்டில் முதல் பெயர். என் பெயருக்கு நேரே ஒரு கோடு. எழுத்துகூட இல்லை. 'சி' என்றால் திட்டுகிற மாதிரியாவது கேட்கும், கோட்டை எப்படி வாசிப்பது?

ரெஜினாவும் மற்றவர்களும் என்னோடு பேசுவதில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லவா. அவர்களுக்கு உரிமை இருக்கிறது. எட்டாவது வகுப்பிலிருந்து என்னிடம் ஏமாந்துகொண்டிருக்கிற ரெஜினா சொன்னாள்: "ஒன்னால நான் நெறய தடவ முட்டாளாயிருக்கேன் பேச்சி. அழுது முட்டாளானது இதான் மொத தடவ."

மார்ச் 9

படிக்கிறேன்.

மார்ச் 25

பரீட்சை முடிந்தது. கேட்டுக்கு வெளியே வழக்கம்போல் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்து விளையாடினார்கள். வருடா வருடம் அக்காமார் தெளிப்பதைப் பார்த்து என் முறைக்காகக் காத்திருந்தவள் நான். ஒருத்தரும் என் மேல் தெளிக்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு வந்தேன். "பரவால்ல, இந்த வருஷம் புத்தி வந்துட்டு" என்றாள் அம்மா.

வடிவு தூரத்தில் நின்றிருந்தாள். அவள் மேலும் மை இல்லை. அவளுக்கு மை பிடிக்காது.

ஏப்ரல் 16, புதன்

கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கொன்றை பூத்துவிட்டது. நேற்று இல்லை. இன்று காலை ஷட்டரைத் தூக்கியபோது மரம் முழுக்க மஞ்சள்.

பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பா, "என்னட்டி, மரத்த இன்னைக்குத்தான் பாக்குதியா?" என்றார்.

இரண்டு மாதமாக இந்த நோட்டிலும் பொய்தான் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில் யாரை ஏமாற்றினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 1 காலை நடந்தது இது. ஆல்பம் என் மடியில். பஸ் இந்த ஸ்டாப்பில் நின்றது. டிரைவர் டீ வாங்கக் குரல் கொடுத்தார், அதனால் நன்றாகவே நின்றது. இந்த மரத்தைப் பார்த்தேன். பூ இல்லை. பூ இல்லாததைப் பார்த்ததும் பதினேழாம் தாள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரிஜினல் எதிரே இருபதடி தூரத்தில் கடைக்குள் இருக்கிறது. இறங்கி, எடுத்து, மாற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். நேரம் இருந்தது.

நாடாவை அவிழ்த்தேன். தாளை வெளியே பாதி இழுத்தேன்.

முந்தின சனிக்கிழமை ஜெபமலர் மேடம் என் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள்: "வடிவு கூடச் சேந்து நீயும் மனுஷியாயிட்ட." பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது உண்மை, அதனால் திருப்பிச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. என்னிடமா வார்த்தை வராமல் போகும்?

ஒரே ஒரு தடவை, வடிவின் ஆல்பத்தைப் பார்த்து மேடம் புருவத்தைத் தூக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு மார்க் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பூஜ்யம் என்று நினைக்கவில்லை. அது சத்தியம். ஆனால் இரண்டு மார்க் போகட்டும் என்று நினைத்தேன். அதுவும் சத்தியம்.

தாளை உள்ளே தள்ளினேன். நாடாவைக் கட்டினேன். தாள் நழுவிவிடக் கூடாது என்று இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டேன். மறந்தவள் இரட்டை முடிச்சா போடுவாள்?

ஏப்ரல் 17, வியாழன்

ஒரு சரம் ஒடித்துப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வடிவு வீட்டுக்குப் போனேன். அவள் கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஏற்கெனவே ஒரு கொன்றைச் சரம் இருந்தது. எனக்கு முன்னாலேயே அவளுக்கு மரம் தெரிந்திருக்கிறது.

என் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அன்னைக்கு பஸ்ஸுல எனக்கு ஞாபகம் இருந்துச்சு வடிவு. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவள் ஒவ்வொரு இதழாக விரல் நுனியால் விரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஆல்பம் திரும்பி வந்தப்ப நாடாவ வெட்டியிருந்துச்சு, முடிச்சு அப்படியே இருந்துச்சு. நான் பூ முடிச்சுதான் போடுவேன், ஒரு இழுப்புல வந்துரும். அது ரெட்ட முடிச்சு. எங்க வீட்டுக்கும் காலேஜுக்கும் நடுவுல யாரோ தொறந்து மூடியிருக்காவ. நடுவுல நீ மட்டுந்தான இருந்த."

"அப்ப ஏன்ட்டி ஒண்ணுமே கேக்கல?"

இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் தழும்புகள் ஆறிக்கொண்டு வருகின்றன. நெற்றியில் ஒன்று மட்டும் குழியாக நின்றுவிட்டது.

"கேட்டேம்லா" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. கேட்டாள். அன்றைக்குக் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

என்ன நினைத்து அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன். மேடம் சொன்னது, பிள்ளைகள் சிரித்தது, இரண்டு மார்க் கணக்கு, எல்லாவற்றையும். நடுவில் ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை. அவள் சரத்தின் மேல் இன்னொரு பேப்பரை மூடினாள். அதன் மேல் அட்டை. மேலே வைக்கக் கனம் தேடினாள். நான் பரணில் இருந்து அவளுடைய பிளஸ் டூ புத்தகக் கட்டை இறக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு பேப்பர் மாத்தணும்" என்றாள். "ஈரம் நின்னா பூ கறுத்துரும். வருவியான்னு நான் கேக்க மாட்டேன்."

ஏப்ரல் 18

போனேன். பேப்பர் மாற்றினோம். பேசவில்லை. பூ கறுக்கவில்லை.